ஆயிரம் இணைப்பு, ஐயாயிரம் ரூபாய்!

சத்துமாவு, வடகம், பொடி வகைகள் என்று வீட்டிலேயே செய்து விற்று, அதற்கென ஒரு வலைத்தளமும் வைத்திருக்கும் சகோதரிகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. "ஐயாயிரம் ரூபாய் அனுப்புங்கள், ஆயிரம் தளங்களிலிருந்து இணைப்பு தருகிறோம், கூகிளில் முதல் பக்கம் நிச்சயம்!" என் நாத்தனார் மகளுக்கும் வந்தது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாவு வறுத்து அரைத்துச் சேர்த்த பணம். "அனுப்பட்டுமா அத்தை?" என்றாள். "ஒரு பைசா அனுப்பாதே" என்றேன். ஏன் என்று கேளுங்கள்.

கல்யாணத்துக்குச் சமையல்காரரை எப்படித் தேடுகிறோம்? நாலு பேரிடம் விசாரிப்போம். சொல்கிறவர் யார் என்றும் பார்ப்போம். பத்துக் கல்யாணம் நடத்திய பெரியம்மா சொன்னால் அதற்குத் தனி மதிப்பு, இல்லையா? 1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகிளை ஆரம்பித்தது ஏறக்குறைய இந்த யோசனையில்தான். ஒரு தளம் உங்கள் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவருக்கு எத்தனை சிபாரிசு என்பதும் கணக்கு. இன்று கூகிள் வேறு எத்தனையோ பார்க்கிறது. என்றாலும் இணைப்பின் மதிப்பு போய்விடவில்லை.

காசுக்கு வாங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்று ஒரு பெரிய கடை. உடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் சில மாதங்கள் அதுதான் முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை குட்டை உடைத்தது: சம்பந்தமே இல்லாத தளங்களில் காசுக்குப் போட்ட இணைப்புகள் ஆயிரக்கணக்கில்! வரவேற்பறைச் சாமான்களில் முதலிடத்தில் இருந்த கடை 68-வது இடத்துக்குப் போயிற்று. தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, அந்த வேலையைப் பார்த்த நிறுவனத்தை நீக்கினார்கள். பெரிய கடை தாங்கும். நம் சத்துமாவு தாங்குமா? இப்போதெல்லாம் இப்படிப்பட்ட இணைப்புகளைக் கூகிள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. காசு கரிதான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் சிபாரிசு செய்யும்படி உங்கள் பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வெறும் விலைப்பட்டியலை யார் சிபாரிசு செய்வார்கள்? எந்தத் தானியம் எவ்வளவு, எதைத் தனியாக வறுக்க வேண்டும், முந்திரி பாதாம் சேர்ந்திருக்கிறதா, மாவு எத்தனை நாள் தாங்கும் என்று விவரமாக எழுதுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே, ஒரு வயது வரை உப்பு சர்க்கரை வேண்டாம் என்பதையும் மறக்காமல் போடுங்கள். இளம் தாய்மார் தேடி வருவது இதற்குத்தானே!

பிறகு ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். கேழ்வரகு தரும் விவசாயிகள் சங்கம், மாவை வாங்கி விற்கும் கடை, படித்த கல்லூரியின் பழைய மாணவியர் பக்கம், உள்ளூர்ப் பத்திரிகை என்று உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களில் யாருக்கெல்லாம் வலைத்தளம் இருக்கிறதோ, அவர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதினால் போதும். அவர்களுடைய எந்தப் பக்கத்தில் உங்கள் குறிப்பு உதவும் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அவர்கள் பக்கத்தில் ஏதாவது பழைய இணைப்பு திறக்காமல் கிடந்தால் அதையும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். இணைப்பில் என்ன வார்த்தை போடுவது என்று மட்டும் நீங்கள் சொல்லித் தராதீர்கள். எல்லா இடத்திலும் "சிறந்த சத்துமாவு" என்றே இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இன்னொன்று. "ஒரு பாக்கெட் அனுப்புங்கள், இணைப்பு போடுகிறேன்" என்பவர்கள் உண்டு. கூகிள் கணக்கில் அதுவும் காசு கொடுத்த மாதிரிதான். அனுப்பினால், 2019-ல் வந்த 'ஸ்பான்சர்டு' என்ற குறியீட்டை இணைப்பில் போடச் சொல்லுங்கள். சிபாரிசுக் கணக்கில் சேராவிட்டாலும் பார்த்துவிட்டு வாங்க நாலு பேர் வரலாம்.

யார் யார் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று கூகிளின் 'சர்ச் கன்சோல்' இலவசமாகவே காட்டும். தினமும் திறந்து பார்த்து மனசைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள், மாதம் ஒரு தடவை போதும். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.