யாருடைய பெயரில் வருகிறது பணம்? வடக்கு, கிழக்குச் சிறு வியாபாரங்களும் இணையக் கொடுப்பனவும்

பேபால் இலங்கைக்கு வரப்போகிறது என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்துவிட்டோம்? 2015இல் ஆட்சிக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் சொன்னார்கள். டிஜிட்டல் பொருளாதாரம் என்ற சொல் மேடையேறும்போதெல்லாம் பேபாலும் கூடவே ஏறுகிறது. நீண்டகாலமாக நிலைமை என்னவோ ஒன்றுதான்: இங்கிருப்பவர் பேபால் கணக்குத் திறந்து வெளிநாட்டில் பொருள் வாங்கலாம், தான் விற்ற பொருளுக்கான பணத்தை அதில் பெற முடியாது. ஸ்ட்ரைப் நிறுவனமோ இலங்கையில் பதிவான வியாபாரங்களுக்குக் கணக்கே கொடுப்பதில்லை.

கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்று இதைச் சமாளித்துவிடும். 500 டொலர் கட்டினால் அமெரிக்காவில் ஒரு கம்பனியைப் பதிந்து, அதன் பெயரில் ஸ்ட்ரைப் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வடிவமைப்பும் நிரலாக்கமும் செய்யும் இளைஞர்களுக்குப் பயோனியர் இருக்கிறது. வருமானம் வங்கிக்கே வந்துவிடுகிறது. 2025 ஏப்ரல் முதல் அவ்வருமானத்துக்கும் வரி உண்டு என்பது வேறு கதை. சிக்கிக்கொள்வது பொருள் விற்பவர்கள்தான்.

புதுக்குடியிருப்பில் ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள், கருவாடு என்று செய்து, முகநூலில் படம் போட்டு விற்கும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வன்னியில் இப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளூர் வாடிக்கையாளரால் அவருக்குப் பெரிய தொல்லை இல்லை. வங்கிக்கு வங்கி உடனே பணம் போகிறது, செலவு சில பத்து ரூபாய். சந்தைக்குப் போனால் லங்கா கியூஆர் அட்டை. 'காசு போட்டிட்டன் அக்கா' என்று வாட்ஸ்அப்பில் வரும் சிலிப்பின் படத்தை மட்டும் நம்பிப் பொதியைக் கட்டாமல், கணக்கில் பணம் விழுந்ததா என்று பார்த்தால் போதும்.

ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கட்டளைகள் வரும்போதுதான் கதை மாறுகிறது. அங்கே நம்மவர்கள் பலர் நடைமுறையில் பயன்படுத்தும் 'கொடுப்பனவு நுழைவாயில்' எது தெரியுமா? கனடாவிலுள்ள அண்ணன். வாடிக்கையாளர்கள் அவருடைய கணக்குக்குப் போடுவார்கள். அவர் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை தங்கைக்கு அனுப்புவார். தரகு இல்லை, விண்ணப்பப் படிவம் இல்லை, ஆங்கிலம் தேவையில்லை. கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டால் உலகில் எந்த நிறுவனமும் இந்த அண்ணனை வெல்ல முடியாது.

ஆனால் அந்தப் பணம் இங்கே வந்து சேரும்போது வியாபார வருமானமாக வருவதில்லை. குடும்பச் செலவுக்கு உறவினர் அனுப்பிய பணமாக, தனிப்பட்ட சேமிப்புக் கணக்கில் விழுகிறது. ஐந்து வருடம் விற்றாலும் ஐந்து வருடம் விற்றதற்கு ஆதாரம் இல்லை. வங்கியில் கடன் கேட்டால் வரவைக் காட்டச் சொல்வார்கள். காட்ட முடியாதவர் நுண்கடன் நிறுவனத்திடம்தான் போவார். அந்தக் கடன்கள் நம் கிராமங்களில் பெண்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது. இன்னொன்றும் உண்டு. தன் உழைப்பின் காசைத் தானே அண்ணனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அண்ணன் நல்லவர்தான். அண்ணனுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது.

இனி, கொழும்பில் எழுதப்படும் 'எந்தக் கொடுப்பனவுச் சேவை சிறந்தது' வகைக் கட்டுரைகளில் வராத விடயத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து தமிழருக்கு வரும் பணத்தை இந்த நாட்டின் பாதுகாப்புக் கட்டமைப்பு வெறும் பணமாகப் பார்த்ததில்லை. 2014இல் புலம்பெயர் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகளும் 424 தனிநபர்களும் ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டார்கள். 2015இல் சில பெயர்கள் நீக்கப்பட்டன, 2021இல் மீண்டும் சேர்க்கப்பட்டன, 2022இல் ஒரு பகுதி மறுபடி நீக்கப்பட்டது. ஆட்சிக்கு ஆட்சி பட்டியல் மாறலாம்; பட்டியலில் உள்ளோரின் பணத்தை முடக்க வேண்டிய கடமை வங்கிக்கு மாறுவதில்லை. 2006ஆம் ஆண்டின் நிதியியல் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின்படி, சந்தேகத்துக்குரியதாகத் தோன்றும் எந்தத் தொகையும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்குப் போகலாம். அதற்கு ஆகக்குறைந்த தொகை என்று எதுவும் கிடையாது.

நம்முடைய பெயர் வைக்கும் முறையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர். பட்டியலில் இருக்கும் ஒருவரின் பெயரோடு அண்ணனின் பெயர் ஒத்துப்போனால், விளக்கம் சொல்ல வேண்டியவர் தங்கைதான். அவர் விற்றது ஒடியல் மா என்பதற்கு அந்த வங்கிப் பரிமாற்றத்தில் ஒரு சொல்கூட இருக்காது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் நாட்டில், 'இந்தக் காசு எங்கேயிருந்து வந்தது' என்பது சாதாரணமான கேள்வியல்ல.

இந்த இடத்தில்தான் உள்ளூர்க் கொடுப்பனவு நுழைவாயில்களின் பெறுமதி எனக்கு வேறாகத் தெரிகிறது. பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற இலங்கை நிறுவனங்கள் வெளிநாட்டு வீசா, மாஸ்டர் அட்டைகளிலும் பணம் பெற்று, விற்பவரின் இலங்கை வங்கிக் கணக்கில் ரூபாயாக வைப்பிலிடுகின்றன. இணையத்தளம் இல்லாதவர்கூட வாட்ஸ்அப்பில் ஒரு கட்டண இணைப்பை அனுப்பிப் பணம் பெறலாம். தரகு நூற்றுக்கு 3 ரூபாய் அளவில் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் ரூபாய்க் கட்டளையில் 300 ரூபாய் போகிறது. பனங்கட்டி விற்பவருக்கு அது சின்னக் காசல்ல. ஆனால் அந்த 300 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். பணம் கொடுத்தவரை அவருடைய நாட்டு வங்கி ஏற்கெனவே சரிபார்த்திருக்கிறது. பணம் அவருடைய வியாபாரத்தின் பெயரில், கட்டளை இலக்கத்தோடு, கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்திடமிருந்து வருகிறது. கடன் கேட்கும் நாளிலும் கேள்வி கேட்கப்படும் நாளிலும் எடுத்துக் காட்ட ஒரு தாள் இருக்கிறது.

உண்டியலையும் சொல்லியாக வேண்டும். 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் டொலரை 200 ரூபாயளவில் அதிகாரபூர்வமாகப் பிடித்துவைத்திருந்தபோது, வெளியே அதைவிடக் கூடிய விலை கிடைத்தது. உத்தியோகபூர்வ வழியில் வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்து 2022இல் 3.8 பில்லியனாக விழுந்தது சும்மா அல்ல. அப்போது உண்டியலில் பணம் எடுத்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இன்று அந்த விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஆபத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

நுழைவாயில்களைப் புகழ்ந்து எழுத இங்கே வரவில்லை. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். 'பொருள் வரவில்லை' என்று அட்டைக்காரர் தன் வங்கியில் முறையிட்டால், விற்றவரின் பணம் திரும்பப் பிடுங்கப்படலாம். அதற்கான கால எல்லை பொதுவாக 120 நாட்கள் வரை நீள்கிறது. கடல்தாண்டிப் போகும் பொதிக்குத் தபாலகப் பற்றுச்சீட்டும் கண்காணிப்பு இலக்கமும் பணத்துக்குச் சமம். மாதக் கட்டணத் திட்டத்தில் தரகு குறைவாக இருக்கும், ஆனால் மாதம் பத்துக் கட்டளை வருபவருக்கு அது நட்டம். விற்றால் மட்டும் அறவிடும் திட்டமே பொருந்தும். வெளிநாட்டு அட்டைக்குத் தரகு கூடுமா, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் முதலில் எடுத்த தரகு திரும்பி வருமா, தமிழில் பேச யாராவது தொலைபேசி எடுப்பார்களா? இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, கணக்குக்கு விண்ணப்பிக்கும் முன்பே வருகிறது. வியாபாரத்தின் பெயரில் கணக்கு வேண்டுமானால் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிவு செய்யப் போனால் கிராம அலுவலரின் அறிக்கை, இடத்துக்கான உரித்து அல்லது உரிமையாளரின் சம்மதம் என்று கேட்பார்கள். காணி அனுமதிப்பத்திரம் கணவனின் பெயரில் இருக்கிறது. கணவன் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் தாண்டியபின் காணவில்லை. அவருடைய சம்மதக் கடிதத்தை யார் கொடுப்பது? மரணச் சான்றிதழ் எடுத்தால் பல கதவுகள் திறக்கும். எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தானே எழுதிக்கொடுத்ததாகிவிடும் என்று மறுத்து, வீதியோரப் பந்தலில் வருடக்கணக்காகப் படத்தோடு இருக்கும் பெண்களுக்கு இது வெறும் ஆவணச் சிக்கலல்ல. ஒரு இணையக் கட்டண இணைப்புக்கான விண்ணப்பம் கடைசியில் அந்தக் கேள்வியில் வந்து முட்டுகிறது. இணையக் கொடுப்பனவை ஊக்குவிக்கும் மத்திய வங்கியோ, டிஜிட்டல் அமைச்சோ இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நடைமுறையில் ஒரு வழி, தாயின் அல்லது சகோதரியின் வீட்டு முகவரியில் பதிவதுதான். இன்னொன்றை நாம் போதுமானளவு யோசிக்கவில்லை: கூட்டுறவுச் சங்கங்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பதிவும் வங்கிக் கணக்கும் கணக்காய்வும் ஏற்கெனவே உண்டு. ஒரு சங்கம் நுழைவாயில் கணக்கை எடுத்து, முப்பது பெண்களின் பொருட்களை அதில் விற்கலாம். அப்போதும் பணம் இன்னொருவர் பெயரில்தான் வருகிறது, உண்மை. ஆனால் அந்த இன்னொருவரிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். அண்ணனிடம் அது முடியாது.

நாளைக்கே பேபால் வந்தாலும் இவை தீராது. சந்தேகம் வந்தால் கணக்கிலுள்ள பணத்தை 180 நாட்கள் வரை பிடித்துவைக்க அதன் விதிகளில் இடமுண்டு. அமெரிக்கா விடுதலைப் புலிகளை 1997இலேயே தடைசெய்தது. அமெரிக்க நிறுவனமான பேபால் தன் நாட்டுத் தடைப்பட்டியலைக் கொண்டுதான் பெயர்களைப் பார்க்கும். ஆகவே எந்த வழியைத் தெரிந்தாலும், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இன்றைக்கே ஒன்றைச் சொல்லிவைக்கலாம். பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் 'ஊருக்கு உதவி', 'முள்ளிவாய்க்கால்' என்றெல்லாம் பாசத்தோடு எழுத வேண்டாம். 'ஒடியல் மா, 2 கிலோ' என்றும் கட்டளை இலக்கத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள்.