லிங்க் கேட்பது குற்றமா?

சிங்கப்பூரில் தமிழில் வலைப்பதிவு எழுதும் பலரிடம் ஒரு பயம் ஊறிப்போயிருக்கிறது. அடுத்தவர் பதிவுக்கு லிங்க் கொடுத்தால் நம் பதிவின் வலு குறைந்துவிடுமாம். நம் பதிவுக்கு லிங்க் கேட்டால் கூகுள் தண்டித்துவிடுமாம். இதில் உண்மை இல்லை. தமிழில் எழுதுகிற கொஞ்சப் பேரையும் ஒருவருக்கொருவர் அந்நியராக்கும் நம்பிக்கை இது.

பயம் வந்த வழி தெரிந்ததுதான். 1998இல் ஸ்டான்ஃபோர்டில், கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு பக்கத்துக்கு வரும் லிங்க்கை அதற்கு விழுந்த வாக்கைப் போல மதிப்பிட்டார்கள். உடனே வாக்கை விலைக்கு விற்க ஆட்கள் கிளம்பினார்கள். ஜே.சி. பென்னி என்ற அமெரிக்கக் கடையைத் தேடலில் மேலே ஏற்ற, சம்பந்தமே இல்லாத தளங்களில் லிங்க்குகள் குவிக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. 2012 ஏப்ரல் 24 அன்று, இப்படிக் குவித்த லிங்க்குகளைப் பிடிக்கும் பென்குயின் என்ற திருத்தத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அதில் அடிபட்டவர்களின் கதை வாய்வழியாகப் பரவியதில், ‘விலைக்கு வாங்காதே’ என்ற விதி ‘லிங்க் பக்கமே போகாதே’ என்று திரிந்தது.

கூகுள் தடுப்பது எதை? தரவரிசைக்காக லிங்க்கை வாங்குவது, விற்பது, அளவுமீறிப் பரிமாறிக்கொள்வது, மென்பொருளை வைத்துக் குவிப்பது ஆகியவற்றை. வாசகருக்கு உதவும் பக்கத்தைச் சுட்டுவது இதில் வராது. ஒருவரிடம் நம் பதிவைப் படித்துப் பார்க்கச் சொல்வதும் வராது. 2016 செப்டம்பரிலிருந்து பென்குயின், தளத்தையே கீழே தள்ளுவதை விட்டுவிட்டுக் கெட்ட லிங்க்கை மட்டும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குகிறது. கூகுள் ஊழியர்களே பார்த்துத் தண்டித்தால், தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வந்துவிடும். அங்கே எதுவும் இல்லாமலே தண்டனைக்கு அஞ்சி ஒடுங்கியிருப்பவர்கள்தான் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஜூரோங் ஈஸ்ட்டில் வீவக வீட்டில் இருக்கிறார். அறுபதுகளில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த தமிழர்களைப் பற்றி எழுதுகிறார். 1963இல் உற்பத்தி தொடங்கிய எஃகு ஆலையில் அவருடைய அப்பா இரவு ஷிப்ட் பார்த்தவர். பொறி பட்டு ஓட்டை விழுந்த காக்கிச் சட்டையைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார். இந்த ஊரில் அதிகம் பேர் எழுதாத வரலாறு அது. ஆனால் பழைய தமிழ் முரசுச் செய்தியைச் சொல்லும் இடத்தில் தேதி மட்டும் இருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்த இதழ் இருந்தும் லிங்க் இல்லை. ஏன் என்று கேட்டேன். “வெளியே லிங்க் கொடுத்தா ரேங்க் போயிடும்னு சொன்னாங்க” என்றார். சொன்னது யார் என்று அவருக்கே நினைவில்லை. ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி இன்னொருவர் எழுதிய பதிவையும் அவர் சுட்டவில்லை; அவரும் இவரைச் சுட்டவில்லை. இருவரையும் தேடிப் படிக்க வேண்டிய வாசகர் இருவரையும் காணாமலே போகிறார்.

தமிழ்ப் பதிவுலகம் இப்படி வளரவில்லை. 2004இல் தமிழ்மணம் என்ற பதிவுத் திரட்டி தொடங்கிய காலத்தில் ஒருவர் மற்றவரை மறுத்து எழுதினாலும் லிங்க் கொடுத்துத்தான் மறுத்தார். அந்தச் சண்டைகளின் வழியாகத்தான் புதுப் பதிவர்கள் எங்கள் கண்ணில் பட்டார்கள். இன்று ரேங்க் கணக்குப் பார்த்து அந்த வழக்கத்தையே கைவிட்டுவிட்டோம். விக்கிப்பீடியாவில் கிடைக்கும் லிங்க் ‘நோஃபாலோ’ (தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி), அதனால் பயனில்லை என்கிறவர்களும் உண்டு. அதைச் சொடுக்கி வந்து படிப்பவர் மனிதர்தானே, அவர் கணக்கில் வரமாட்டாரா?

லிங்க் விற்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். ஆனால் கேளுங்கள். அந்த ஜூரோங் பதிவருக்கும் இதையே சொல்வேன்: ஜூரோங் வரலாற்றை எழுதும் பள்ளிக்கும், கோயிலுக்கும், சக பதிவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் பக்கத்தில் எந்த வரிக்கு உங்கள் பதிவு ஆதாரமாகும் என்று குறிப்பிட்டு, அந்தச் சட்டையின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.