புதுசு என்று ஒரு பொய்

“பேராசை பெருநஷ்டம்” என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஏமாந்தவனைப் பார்த்து இப்படிச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஏமாற்றினவனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை அல்லவா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் பெண் காலேஜில் சேர்ந்தபோது, அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் இருக்கும் அவளுடைய சித்தப்பா ஒரு மடிக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து கொடுத்தார். கடையில் 1,100 டாலர் விலை. இவர் இண்டர்நெட் ஏலத்தில் 480 டாலருக்கு எடுத்தாராம். ‘புத்தம் புதியது. தங்கள் சௌகரியத்துக்காக எல்லாம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறோம்’ என்று விளம்பரம் கூறியது. எந்த ஏலக் கடை என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிப்பட்ட கடைகள் பல இருக்கின்றன.

நாலு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஏதோ கோளாறு என்று, அந்தப் பெண் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பித்தாள். இண்டர்நெட்டைத் தொட்டதுதான் தாமதம், திரையில் ஒரு கம்பெனியின் பெயர் வந்து நின்றது. ‘உங்கள் உத்தியோக விலாசத்தையும் ரகசியச் சொல்லையும் கொடுங்கள்’ என்று கேட்டது.

“மாமா, இது யாரோ ஆபீஸ் கம்ப்யூட்டர் மாமா!” என்றாள். குரல் கம்மிவிட்டது.

பெரிய கம்பெனிகள் தாங்கள் வாங்கும் ஒவ்வொரு யந்திரத்தின் எண்ணையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிடுகின்றன. எத்தனை முறை துடைத்தாலும், மறுபடி அமைக்கிறபோது யந்திரம் தன் பழைய எஜமானனை நினைவுபடுத்திக் கொள்கிறது. விற்றவன் பக்கத்து வழியாக நுழைந்து எல்லாவற்றையும் ‘தயாராக’ வைத்த காரணம் இப்போது விளங்கிற்று. திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. விற்றவனோ கடையை மூடிக் கொண்டு போய்விட்டான்.

இதைக் கேட்டுத்தான், பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் அந்தப் பழமொழியை உதிர்த்தார்.

ஏலம் நமக்குப் புதிதல்ல. “ஒரு தரம், இரண்டு தரம்” என்று கூவுகிறவனுக்கு முன்னால் அண்டாவைத் தட்டிப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். இண்டர்நெட் ஏலத்தில் படத்தைத்தான் பார்க்க முடியும். 2013-ல் இங்கிலாந்தில் ஒரு இளைஞன் விளையாட்டு யந்திரம் என்று நினைத்து 450 பவுன் கொடுத்தான். தபாலில் வந்தது அந்த யந்திரத்தின் புகைப்படம்! ‘புகைப்படம்’ என்ற சொல் விளம்பரத்திலேயே இருந்ததாம். சட்டம் தெரிந்த மோசடி. நல்ல வேளையாக அவன் பணம் திரும்பி வந்தது.

இந்த வியாபாரத்தின் பிறப்பு அப்படி ஒன்றும் யோக்கியதை கெட்டதல்ல. 1995-ல் பியர் ஒமிட்யார் என்பவர் பின்னாளில் ‘ஈபே’ என்று பெயர் பெற்ற ஏலத்தைத் தொடங்கியபோது, ஒடிந்துபோன லேசர் விளக்குக் குச்சி ஒன்றை விற்றார். 14 டாலர் 83 சென்ட். வாங்கினவருக்கு அவரே எழுதிக் கேட்டாராம், “இது ஒடிந்தது என்று தெரியுமா?” என்று. தெரியும், ஒடிந்தவற்றைத்தான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்தது. ஒடிந்ததை ஒடிந்தது என்று சொல்லி விற்ற இடத்தில்தான் இன்று பழையதைப் புதிது என்று சொல்லி விற்கிறார்கள்.

மலிவு என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. போன வருஷத்து மாடல், பெட்டி நசுங்கியது, வேண்டாமென்று திரும்பி வந்தது — இப்படி நியாயமான காரணங்கள் உண்டு. யோக்கியமான வியாபாரி அந்தக் காரணத்தைத் தானே எழுதிவிடுவான். ஆனால் கம்ப்யூட்டர் விற்பனையில் லாபம் மிக மெலிந்தது. நூற்றுக்குப் பத்துக் குறைத்தால் நம்பலாம். பாதிக்கு மேல் குறைத்தால், அந்த மீதிப் பணத்தை யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அது யார் என்பதுதான் கேள்வி.

நம் வீட்டுப் பெண்ணின் விஷயத்தில் அது அந்தக் கம்பெனி. இதைவிட விசித்திரமான வழி ஒன்று உண்டு. விற்பவனிடம் சரக்கே இருக்காது. 480 டாலரை நம்மிடம் வாங்கிக் கொள்வான். எங்கோ திருடிய கிரெடிட் கார்டைக் கொண்டு நல்ல கடையில் 1,100 டாலருக்கு அசல் யந்திரத்தை வாங்கி, நம் விலாசத்துக்கே அனுப்பச் சொல்வான். நமக்கு வருவது சீல் உடையாத சரக்கு. நாம் அவனை மெச்சி நற்சாட்சிப் பத்திரமும் எழுதிப் போடுவோம். மீதியைக் கொடுத்தவர் நாம் பார்த்தேயிராத கார்டுக்காரர், அல்லது பணம் பறிபோன கடைக்காரர். சரக்கு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறவனுக்கு இது ஒருநாளும் தெரியப் போவதில்லை.

இன்னொன்றையும் சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். ஏலத்தில் மலிவான விலை என்பது விற்றவன் கொடுத்த தானம் அல்ல. ஒரு டாலரில் ஆரம்பிப்பது வழக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடை விலை அறிந்த பத்துப் பேர் போட்டி போட்டு, அத்தனை பேரும் 480-ல் கையைக் கட்டிக் கொண்டால், அது அவர்களுடைய அபிப்பிராயம். ஜெயித்தவர் அந்த அபிப்பிராயத்தை மீறினவர். அவருக்கு இது ரசிக்கவில்லை.

பார்த்து வாங்க வழி இல்லாமல் இல்லை. ‘கோர் ஐ-7’ என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. பின்னால் வரும் எண்களைச் சொல்லாமல் பெயரை மட்டும் முழக்கினால், பழைய மூளையாக இருக்கலாம். ஏலம் கேட்கு முன் யந்திரத்தின் வரிசை எண்ணைக் கேட்க வேண்டும். பல கம்பெனிகளின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டால் உத்தரவாதம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று தெரியும். வந்து சேர்ந்ததும் முதல் நாளே எல்லாவற்றையும் அழித்து, இண்டர்நெட்டில் இணைத்து, புதிதாக அமைக்க வேண்டும். பாட்டரி தேய்ந்திருக்கிறதா, டிஸ்க் எத்தனை மணி ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தாலும்? 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு சமாச்சாரம் வெளிவந்தது. புதியவை என்று, அதுவும் ஒழுங்கான கடைகளிலேயே, வாங்கின ஹார்ட் டிஸ்குகள் 15,000 முதல் 50,000 மணி வரை ஓடியவை! டாக்ஸி மீட்டரைத் திருப்பி வைப்பது போல் கணக்கைப் பூஜ்யமாக்கியிருந்தார்கள். உள்ளே வேறொரு மூலையில் இருந்த இன்னொரு கணக்கைத் திருத்த மறந்துவிட்டதால் அகப்பட்டது. பதினெட்டு வயதுப் பெண் அந்த மூலை வரைக்கும் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்கிறாரா என் நண்பர்?

ஒவ்வொரு விற்பனையிலும் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுத்துக் கொள்கிற ஏலக் கடையை அவர் ஒன்றும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 2023 ஜூனில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. இணையச் சந்தையில் விற்பவன் யார், பாங்குக் கணக்கு எது என்று சந்தைக்காரன் சரிபார்க்க வேண்டும் என்பது அது. நல்ல சட்டம். ஆனால் வருஷத்தில் 200 புதுச் சரக்காவது விற்று, 5,000 டாலராவது பார்த்தவனுக்குத்தான் அது பொருந்தும். ஐம்பது கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ஓடுகிறவன் அந்த வலையின் கண் வழியாகவே போய்விடலாம்.

இதில் நஷ்டப்படுகிறவன் வாங்கினவன் மட்டுமல்ல. ‘இரண்டு வருஷம் உபயோகித்தது, பாட்டரி சுமார்’ என்று உண்மையை எழுதிப் போடுகிறவனுடைய சரக்கு, பொய்ப் புதுசுக்குப் பக்கத்தில் விலை போகாமல் கிடக்கிறது. நல்லது கெட்டது தெரியாத சந்தையில் கெட்டது நல்லதைத் துரத்திவிடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-லேயே பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. சந்தைக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமா?

‘புதியது’ என்ற சொல்லை எழுத வேண்டுமென்றால் வரிசை எண்ணைக் கொடு, தயாரித்த கம்பெனியிடம் கேட்டுக் கொள்கிறோம், அதன் பிறகு எழுது — ஏலக் கடை இதைச் சொன்னால் போதும். யந்திரங்கள் தமக்குள் பேசி முடிக்கும் வேலை இது. செய்ய மனம் வராததற்குக் காரணம், பொய்ப் புதுசு விற்றாலும் கமிஷன் கமிஷன்தான் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அந்தக் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். யந்திரம் தங்களுடையதுதான் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அனுப்பி வைக்கும்படி விலாசமும் கொடுத்திருந்தார்கள். அனுப்பிவிட்டோம். தபால் செலவு என் நண்பருடைய பழமொழிக் கணக்கில் சேர்கிறதா என்று இன்னும் அவரைக் கேட்கவில்லை.