விதைக்காதவன் அறுவடை

ஆபீஸ் பக்கமே போகாமல் ஈஸிசேரில் சாய்ந்திருப்பவனுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்தால் எப்படி இருக்கும்? கற்பனையை அடக்குங்கள் சார், நமக்கெல்லாம் வராது. ஆனால் அமெரிக்காவில் சில நிலங்களுக்கு வந்திருக்கிறது.

டெக்ஸஸில் ஹூஸ்டனை விட்டு 59-ஆம் நம்பர் ஹைவேயில் தென்மேற்கே ஒரு மணி நேரம் போனால் வார்ட்டன் கவுண்டி. (கவுண்டி என்றால் நம் ஜில்லாவின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) டெக்ஸஸ் என்றதும் கௌபாய் தொப்பி ஞாபகம் வரும். இங்கே முக்கியப் பயிர்களில் ஒன்று நெல்!

1996-ல் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இனிமேல் விவசாயி பயிரிடுவதில் சர்க்கார் மூக்கை நுழைக்காது. ஏழு வருஷத்துக்கு ஒரு தொகை தரும், அது படிப்படியாகக் குறையும், அப்புறம் டாட்டா. நல்ல எண்ணம்தான். டாட்டா காட்ட வேண்டிய 2002-ல் யாருக்கும் மனசு வரவில்லை. புதுச் சட்டம் போட்டுத் தொடர்ந்தார்கள். 100 பவுண்டு நெல்லுக்கு 2 டாலர் 35 சென்ட்.

எந்த நெல்லுக்கு? அங்கேதான் வேடிக்கை. இந்த வருஷம் விளைந்த நெல்லுக்கு இல்லை, எப்போதோ விளைந்த நெல்லுக்கு! பழைய ரெக்கார்டில் 'நெல் நிலம்' என்றிருந்தால் போதும். இன்றைக்கு அதில் மாடு மேயலாம், வெறும் புல் முளைக்கலாம். பணம் வந்துவிடும். தக்காளி பயிரிட்டு விற்கப் போனால்தான் வம்பு. பழம், காய்கறிக்குத் தடை. ஏற்கெனவே காய்கறி போடுகிறவர்களுக்குப் போட்டி வந்துவிடக் கூடாதாம்!

2006-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதைத் தோண்டியது. வார்ட்டன் கவுண்டியின் எல் காம்போ ஊர்ப்பக்கம் பழைய நெல் வயலைத் துண்டு போட்டு வீட்டுக்கு விற்றிருந்தார்கள். பங்களா கட்டிக் குடிவந்தவருக்கு, வாசலைச் சுற்றியிருந்த புல்தரைக்கு நெல் பணம்! நாடு முழுக்க, 2000-லிருந்து விவசாயமே செய்யாதவர்களுக்குப் போனது 130 கோடி டாலர் என்று கணக்குப் போட்டது பத்திரிகை.

வீடு கட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? என் வயிற்றெரிச்சல் குத்தகைக்காரருக்காக. நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டால் மானியம் உழுகிறவருக்குப் போகும். விடாமல் சும்மா போட்டுவைத்தால் நிலச் சொந்தக்காரருக்கே வரும். சொந்தக்காரர் என்ன செய்வார்? "தம்பி, அடுத்த வருஷத்திலிருந்து நீ வேற இடம் பாத்துக்கோ!" டெக்ஸஸில் அப்படி நிலமிழந்தவர்கள் உண்டு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். உழாதவனுக்கு மிஞ்சியது பாருங்கள்! குத்தகைக்காரர் போனால் அவரோடு விதைக்கடை, டிராக்டர் மெக்கானிக், உரம் தூவும் குட்டி விமானத்தின் பைலட் எல்லோருக்கும் வரும்படி போச்சு.

2014-ல் ஒருவழியாக அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதில் வந்தது, விலை விழுந்தால் ஈடு கட்டும் திட்டம். நெல்லுக்கு 100 பவுண்டுக்கு 14 டாலர் என்று வைத்த வரம்பை 2025-ல் 16 டாலர் 90 சென்ட் ஆக்கியிருக்கிறார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் பணம்.

சரி, அதை வாங்க அந்த வருஷம் நெல் பயிரிட்டாக வேண்டுமா?

வேண்டாம் சார். அதே பழைய ரெக்கார்டுதான்.