வெயிலில் நிற்கும் கார்கள்: தென்காசியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் திரு. நிதின் கட்கரி அவர்களுக்கு,

காரின் உட்புறத்தை வெயில் என்ன செய்கிறது என்பதைப் பற்றிய மடல் இது. டேஷ்போர்டு வெடிக்கிறது. கூரைத் துணி பசை விட்டுத் தலையில் தொங்குகிறது. கதவுக் கைப்பிடி பிசுபிசுத்து விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. ஸ்டீயரிங் உறை உரிகிறது. இவையெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட சில்லறைக் குறைகள், ஓர் அமைச்சரின் நேரத்துக்குத் தகாதவை என்று உங்கள் அலுவலர்கள் நினைக்கக்கூடும். அந்த நினைப்பினால்தான் இப்படிப்பட்ட மனுக்கள் எந்தக் கோப்பிலும் ஏறாமல் ஓய்ந்துபோகின்றன. தனிமடலுக்கான பொறுமை தீர்ந்துவிட்டதால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். விதிகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை எழுதியதே உங்கள் துறை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். தென் தமிழ்நாட்டு வெயில் திடீரென்று வந்த பேரிடர் அல்ல. இங்கே விற்கப்படும் ஒவ்வொரு காரும் இந்த வெயிலில்தான் நிற்கப்போகிறது என்பது செய்பவருக்கும் தெரியும், அனுமதி தருபவருக்கும் தெரியும். தெரிந்தே நடக்கும் சேதத்தை வாங்கியவர் தலையில் கட்டுவதை இனி ஏற்க முடியாது.

முதலில் அளவு. 2018-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 38 டிகிரி செல்சியசைத் தாண்டிய கோடைப் பகல்களில் கார்களை நிறுத்திவைத்து அளந்த கணக்கை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரில் காற்றின் வெப்பம் சராசரியாக 47 டிகிரி, இருக்கை 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற காரின் டேஷ்போர்டோ 48. சித்திரையில் சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கம் அடிக்கிற வெயில் அதற்குப் பெரிதும் இளைத்ததல்ல. சரி, குற்றாலம் குளிர்ந்த ஊர்தானே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 22 டிகிரி முதல் 36 டிகிரி வரையிலான மிதமான நாட்களிலும் அளந்து பார்த்தார்கள். வெளியே எந்த வெப்பம் இருந்தாலும், வெயில் பட்ட காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. காரின் கண்ணாடி ஒளியை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. மேற்கு மலையின் காற்று வீசினாலும், மேகம் விலகி அரை மணி வெயில் விழுந்தால் போதும்.

இந்தச் சூட்டில் உள்ளே நடப்பது வேதியியல். டேஷ்போர்டின் மேல்தோல் பல கார்களில் பி.வி.சி. இயல்பில் அது விறைப்பான பிளாஸ்டிக். தோலைப்போல் வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஓர் இளக்கியை அதில் சேர்க்கிறார்கள். சூடு ஏற ஏற இளக்கி கசிந்து ஆவியாகிறது. அது போகப் போகத் தோல் சுருங்கி, விறைத்து, ஒருநாள் வெடிக்கிறது. கூரைத் துணியின் பின்னால் ஒட்டியிருப்பது மெல்லிய பாலியூரித்தேன் நுரை. அது பொடிந்து உதிர்ந்ததும் துணிக்குப் பிடிமானம் இல்லை. முன்கண்ணாடி இரண்டு தாள் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது என்பதால் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படியல்ல. அந்தக் கதிரின் ஒரு பங்கு உள்ளே வந்து கதவுத் துணியையும் இருக்கையையும் வெளுக்கிறது. இத்தனையும் வெயில் ஊர் எல்லாவற்றுக்கும் பொது. தென்காசிக்கென்று இன்னொன்று இருக்கிறது. இங்கே வெயிலும் ஈரமும் ஒரே நாளில் மாறி மாறி வருகின்றன. காலையில் தென்காசிக் கடைவீதியில் காய்ந்த கார், அரை மணி நேரத்தில் ஐந்தருவியில் சாரலில் நனைந்துகொண்டு நிற்கும். ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஐந்து பேர் ஏறி உட்காருவார்கள். கதவு சாத்தப்படும். மறுநாள் மறுபடி வெயில். பாலியூரித்தேனின் பிணைப்பை ஈரம் அறுக்கும், சூடு அந்த அறுப்பை வேகமாக்கும். கைப்பிடியும் பொத்தான்களும் பிசினாக மாறுவது இதனால்தான். உலர்ந்த அடுப்பில் வைத்துப் பார்க்கிற சோதனை மட்டும் எங்கள் ஊரின் சாரல் காலத்துக்குப் பதில் சொல்லாது.

அழகுக் குறைதானே என்பவர்களுக்கு இரண்டு செய்திகள். டேஷ்போர்டிலிருந்து வெளியேறும் இளக்கி மாயமாகிவிடுவதில்லை. முன்கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் செங்கோட்டைக்கு மேலே ஆரியங்காவு மலைவழியில் எதிரே லாரி விளக்கு அடித்தால், கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பரவி வளைவு மறைந்துபோகும். அமெரிக்காவில் ஃபுளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் டொயோட்டா கார்களின் டேஷ்போர்டு உருகிப் பளபளத்து, அதன் பிரதிபலிப்பு முன்கண்ணாடியில் விழுந்து பார்வையை மறைக்கிறது என்று மக்கள் வழக்குக்குப் போனார்கள். அந்த நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டி, பல மாடல்களுக்கு டேஷ்போர்டை இலவசமாக மாற்றித் தர நேர்ந்தது. இரண்டாவது, டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள். சூடும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியதில் அவற்றுக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் கெட்டு, விரிய வேண்டிய பை சிதறி ஆட்களைக் கொன்றது. உலகம் முழுவதும் சுமார் 10 கோடிப் பைகள் திரும்ப அழைக்கப்பட்டன; இந்தியாவிலும் மாற்றினார்கள். எந்த ஊர்க் கார்களை முதலில் மாற்றுவது என்பதை அமெரிக்க அரசு வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்து மண்டலம் பிரித்துத்தான் முடிவு செய்தது. வெடித்த டேஷ்போர்டு ஒவ்வொன்றும் ஆளைக் கொல்லும் என்று நான் சொல்லவில்லை. காருக்குள் இருக்கும் பொருள் தட்பவெப்பத்தால் கெடும், அதற்கு அரசு பொறுப்பேற்று விதி செய்ய முடியும் என்பது நிரூபணமான சங்கதி என்கிறேன்.

இனி உங்கள் துறையின் கணக்குக்கு வருகிறேன். இந்தச் சேதத்தைக் குறைக்க எளிய வழி, சூட்டைக் கண்ணாடியிலேயே தடுப்பது. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் தெளிவான ஃபிலிம்கள் உண்டு. 2012 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம், கார்க் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மே 4 முதல் தடை வந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் நடந்த குற்றங்கள் அதற்குக் காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். பிறகு உங்கள் துறையே விதியைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கண்ணாடிக்கு மாற்றாக, உட்புறம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடியையும் ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் 70 சதவீத வெளிச்சம், பக்கங்களில் 50 சதவீதம் வர வேண்டும் என்பது நிபந்தனை. திருத்தினீர்கள், நல்லது. அந்தத் திருத்தத்துக்கு என்ன பொருள் என்பதை நாட்டுக்குச் சொல்லும் வேலை யாருடையது? 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது: அளவுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்று. மூன்றரை ஆண்டுகள் போன பிறகு, அதுவும் மக்கள் வழக்குப் போட்ட பிறகு, ஒரு மாநிலத்தின் நீதிமன்றத்தில்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கொல்லத்திலிருந்து திருமங்கலம் வரும் தேசிய நெடுஞ்சாலை 744 ஆரியங்காவு தாண்டி, புளியரை இறங்கி, செங்கோட்டை வழியாகத் தென்காசிக்கு வருகிறது. குற்றாலச் சீசனில் அந்த வழியே கேரளத்துக் கார்கள் சாரை சாரையாக வரும். ஆரியங்காவில் சட்டப்படி சரி என்று நீதிமன்றமே சொன்ன கண்ணாடி, புளியரைச் சாவடியைக் கடந்ததும் என்ன ஆகும்? அதே கண்ணாடியைத் தென்காசிக்காரர் ஒட்டலாமா, கூடாதா? சாலை உங்களுடையது. விதி உங்களுடையது. திருத்தமும் உங்களுடையது. பதில் மட்டும் சாவடியில் நிற்கும் காவலரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று விட்டுவைத்திருப்பது என்ன நியாயம்? இந்தச் சந்தேகத்துக்குப் பயந்தே, வெயிலைத் தடுக்க வழி தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு காரை வேகவிடுகிறார்கள் மக்கள். வெளியே இருப்பவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும் என்பதுதான் பாதுகாப்பு. அதற்கு வெளிச்சம் தேவை, வெப்பம் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு என்பதை ஒரு சுற்றறிக்கையில் எழுத எத்தனை ஆண்டுகள் வேண்டும்?

நிழலில் நிறுத்து, முன்கண்ணாடிக்கு மறைப்பு வை, உறை போடு என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. நிழல் உதவும்; மேலே சொன்ன அளவுகளே அதற்குச் சாட்சி. ஆனால் நிழல் எங்கே? திருநெல்வேலி–தென்காசிச் சாலையை நான்கு வழியாக்கியபோது சாலையோர மரங்கள் வெட்டுப்பட்டன. அது மாநிலச் சாலை, உங்கள் கணக்கில் வராது என்பது தெரியும். வெயிலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உறை போட்டு மூடிவைப்பது வீட்டுக் காருக்குச் சரி. டி போர்டு வண்டி ஓட்டுபவர் பகல் முழுவதும் ஸ்டாண்டில், கோயில் வாசலில், அருவிக்கரையில் சவாரிக்காகத் திறந்தவெளியில் காத்து நிற்பவர். காரின் உட்புறத்தைப் பார்த்துத்தான் சவாரி ஏறும், விற்கப் போனால் அதைப் பார்த்துத்தான் விலை இறங்கும். கடன் தவணை முடியும் முன்பே கூரைத் துணி தொங்கிவிட்டால், சீட் தைக்கிற கடையில் அவர் கொடுக்கும் பணம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து போவது. கார் வைத்திருப்பவர் வசதியானவர், அவருக்கு என்ன குறை என்று பேசுவோர் இந்த ஓட்டுநரை மனத்தில் வைத்துப் பேசட்டும். இதை அவருடைய கவனக்குறைவு என்று எழுதுவதற்கு யாருக்கும் தகுதி கிடையாது. ஆனால் உத்தரவாத அட்டைகள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. நிறம் மங்குவதும், உருக்குலைவதும், ரப்பரும் பிளாஸ்டிக்கும் காலத்தால் கெடுவதும் உத்தரவாதத்தில் சேராது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. காலம் என்பது எத்தனை கோடை என்று மட்டும் அந்த வரியில் இருக்காது.

விலை கூடும் என்பார்கள் தயாரிப்பாளர்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் செய்த கார்கள் கப்பலேறி அரபு நாடுகளுக்குப் போகின்றன. வளைகுடாச் சந்தையில் அந்த வெயிலுக்கென்றே அமைத்த கார் என்று தனி வகை உண்டு. வாங்குகிறவர் அதைக் கேட்டு வாங்குகிறார். பாலைவனத்தை நினைத்துப் பொருள் தேர்வு செய்யத் தெரிந்த தொழிலுக்கு, தான் இருக்கும் மாநிலத்தின் தென்கோடியை நினைக்கத் தெரியாதா? சூட்டையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிப் பொருளைச் சோதிக்கும் முறை புதிதல்ல. கார் நிறுவனங்கள் தங்கள் ஆய்வகங்களில் செய்வதுதான். சோதிக்க இடமும் இருக்கிறது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஒரகடத்தில் அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. இருக்கைத் துணி தீப்பிடித்தால் எவ்வளவு வேகமாக எரியும் என்று பார்க்கிறீர்கள். மோதலில் டேஷ்போர்டின் விளிம்பு ஆளைக் குத்துமா என்று பார்க்கிறீர்கள். அதே துணியும் அதே டேஷ்போர்டும் ஐந்து கோடையைத் தாங்குமா என்று பார்த்து, அதை வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதவைத்தால் என்ன குடி முழுகிப்போகும்?

லாரி ஓட்டுநர்களின் நிலை உங்களுக்குத் தெரிந்தது. 43 டிகிரி, 47 டிகிரி வெயிலில் அவர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றி நீங்களே பேசியிருக்கிறீர்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் ஆணையும் வந்தது. விலை கூடும் என்ற எதிர்ப்பை மீறி அதைச் செய்தீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். அதனால்தான் கோபமும் கூடுகிறது. வண்டிக்குள் வெப்பம் என்பது அரசின் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை, அமைச்சரே. தெரிந்த பிறகும் கண்ணாடி விஷயத்தில் இவ்வளவு மௌனம் ஏன்? 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார்ப் பாதுகாப்பு மதிப்பீட்டுத் திட்டம் மோதலுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. மோதல் ஒரு காருக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வெயில் ஒவ்வொரு பகலும் வரும்.

சட்ட வரைவு எழுத நான் ஆளில்லை. அதற்கு உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். காரின் உட்புறப் பொருள்கள் இந்த நாட்டின் வெயிலையும் ஈரத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று ஒரு தரம் வையுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்பதை உத்தரவாத அட்டையில் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். அதற்குக் காலம் பிடிக்கும், காத்திருக்கிறோம். கண்ணாடிக்கு அப்படிக் காத்திருக்கக் காரணமே இல்லை. எந்த ஃபிலிம் கூடும், எந்த ஃபிலிம் கூடாது, அளக்கும் கருவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை எழுதி எல்லா மாநிலங்களுக்கும் அனுப்புங்கள். இந்த மடலுக்குப் பதில் கடிதம் எனக்கு வேண்டாம். அடுத்த சாரல் தொடங்கும் முன், புளியரைச் சாவடியில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை நடப்படட்டும்.

இப்படிக்கு,
தென்காசிக் குடிமக்களுள் ஒருவர்