பிள்ளையைப் பேச விடுங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து 'பெற்றோர் சந்திப்பு நாள்' என்று கடிதம் வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு வேலை. அம்மாதான் போகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் அம்மா. பிள்ளை சுவரோரம் தலை குனிந்து நிற்கிறது. ஆசிரியர் நாலு வார்த்தை சொல்கிறார். "நீங்களே பார்த்துக்குங்க டீச்சர், அடிச்சாலும் பரவாயில்ல" என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா வந்துவிடுகிறாள். யாரைப் பற்றிய பேச்சோ, அந்தப் பிள்ளை மட்டும் வாயே திறக்கவில்லை!

இது நமக்குப் பழகிப்போன சங்கதி. ரப்பர் காலத்தில் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி பாலில் கருவியைப் போட்டுப் பார்த்து ஓர் எண்ணை எழுதுவார். அது ஏன் குறைந்தது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? எழுதியதை ஏற்றுக்கொண்டு லயத்துக்குத் திரும்பினோம். அந்தப் பழக்கம் பிள்ளையின் ரிப்போர்ட் புத்தகத்திலும் தொடர வேண்டுமா?

அன்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயது வரையில் 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாத்தியாரை வழியில் பார்த்தே விசாரிக்கலாம். இன்று பேராவில் எத்தனையோ ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. நம்மவர் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் என்று பிரிந்துபோனோம். பல பள்ளிகளின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் மிச்சம் நிற்கிறது.

பரீட்சையும் மாறிவிட்டது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டது, பிடி3 2022இல் போனது. முன்பு "எத்தனை ஏ?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்கள். "பரீட்சையே இல்ல, இனி என்னத்தக் கேக்கிறது?" என்று பெற்றோர் சும்மா இருந்துவிட்டால், பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தடுமாறும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது காலம் கடந்துவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் பல பள்ளிகளில் பெற்றோர் சந்திப்பை மாணவனே முன்னின்று நடத்துகிறான். தன் நோட்டுப் புத்தகங்களை விரித்து வைத்து, "இது எனக்கு வரும், இது இன்னும் வரல, இதுக்கு உதவி வேணும்" என்று மூன்று விஷயங்களைப் பெற்றோரிடம் சொல்கிறான். ஆசிரியர் பக்கத்தில் இருந்து திருத்துகிறார்.

நம் பிள்ளைகளுக்கு இது முடியுமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் பரவியது. அதில் ஏணிப்படி போன்ற அட்டவணையைப் பார்த்து, தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையே கண்டுகொண்டது. ஏழைத் தொழிலாளியின் பிள்ளைகள்தான் அங்கும் படித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்ன செய்வாள்? மகள் ஒரு பக்கம் வாசித்தால், சரளமாக வருகிறதா, தடுக்கித் தடுக்கி வருகிறதா என்று அவள் காதுக்குத் தெரியும். மரத்தில் வெட்டிய பட்டையைப் பார்த்தே வெட்டியவன் கைப்பக்குவத்தைச் சொன்னவர்கள் நாம். வேலையை எடை போட நமக்குத் தெரியும். மலாயில் எழுதிய ரிப்போர்ட்டைத்தான் படிக்கத் தெரியவில்லை.

சிரமங்கள் இல்லாமல் இல்லை. ஆசிரியருக்கு வேலைப்பளு அதிகம். பிள்ளையை முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும். ஒருநாள் சம்பளம் போனால் நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இதை வைக்க வேண்டும். சில விஷயங்களை ஆசிரியர் தனியாகத்தான் சொல்ல முடியும். அதற்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒன்று. "எனக்கு வகுத்தல் கணக்கு வரலப்பா" என்று பிள்ளை உண்மையைச் சொன்னால், அன்று வீட்டில் பிரம்பை எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுமுறை பொய்தான் வரும். உண்மை சொன்ன பிள்ளையிடம், "சரிடா, யாரக் கேட்டா சொல்லிக் குடுப்பாங்க?" என்று கேளுங்கள்.

பள்ளி நிர்வாகம் ஏற்பாடு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாதத்தில் ஓர் இரவு, டி.வி.யை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் போதும். பேசத் தெரியாத தொழிலாளியின் பங்கைப் பிறர்தான் எழுதினார்கள். நம் பிள்ளைகள் தங்கள் நிலையைத் தாங்களே சொல்லப் பழகட்டும். நாளை சம்பளத்தையும் உரிமையையும் கேட்க அந்த வாய் உதவும்.