கூட்டைப் படம் பிடிக்கலாமா?

இந்த மலரின் புகைப்படப் பக்கத்தில் ஒரு தையல்சிட்டின் படம் வந்திருக்க வேண்டும். இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்த பை போன்ற கூடு. அதன் விளிம்புக்கு மேலே மூன்று திறந்த அலகுகள். பச்சைப் புழுவோடு குனிந்து நிற்கும் தாய்ப்பறவை. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். எனினும் அதை அச்சிட வேண்டாம் என்று நாங்களே சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டோம். காரணம் சொல்லவே இக்கட்டுரை.

பள்ளி திறந்த சில வாரங்களில், ஆனி மாதத்தில், கிணற்றடி அத்திக்கன்றில் அந்தக் கூட்டைக் கண்டோம். உள்ளங்கையில் அடங்கும் சிட்டுதான். ஆனால் அதன் குரல் கிணற்றடி முழுவதும் கேட்கும். இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் நாரையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்து, இலையைச் சுருட்டிப் பையாக்கிவிடுகிறது. உள்ளே மெத்தென்று பஞ்சு. தையல் வகுப்பில் ஊசி பிடிக்கத் தடுமாறும் எங்களுக்கு இது பெரிய வெட்கம்! தைத்த இலை செடியை விட்டு அறுபடுவதில்லை, பச்சையாகவே இருக்கிறது. சுற்றியுள்ள இலைகளுக்கு நடுவே அதுவும் ஓர் இலை. அந்த மறைவுதான் குஞ்சுகளுக்கு இருந்த ஒரே காவல்.

அந்த மறைவைத்தான் நாங்கள் எடுத்தோம். ஒரு சனிக்கிழமை, தோழி ஒருத்தி தன் அப்பாவின் காமிராவைக் கொண்டுவந்தாள். முன்னால் இருந்த இலைகள் நிழல் விழச் செய்தன. மூன்று இலைகளைக் கிள்ளினோம். ஒரு கிளையைத் தலைநாடாவால் ஒதுக்கிக் கட்டினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றோம். தாய்ப்பறவை புழுவை வாயில் வைத்துக்கொண்டு மதில் மேல் அங்கும் இங்கும் தாவிக் கத்தியது. ‘போஸ் கொடுக்கிறது’ என்று சிரித்தோம். குஞ்சுகளின் பசி பொறுக்காமல் அது இறங்கி வந்த நொடியில் எடுத்ததுதான் அந்த அழகான படம்.

திங்கட்கிழமை காலையில் கூடு கிழிந்து தொங்கியது. குஞ்சு ஒன்றுகூட இல்லை. “நேத்து செம்போத்து வந்து உக்காந்திருந்துச்சு பாப்பா” என்றார் ஆயாம்மா. எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று நம் பாட்டிமார் சொல்லும் அதே செம்போத்துதான். அதைக் குறை சொல்ல மாட்டோம். அதற்கும் வயிறு உண்டு. நாடா மட்டும் நாங்கள் கட்டிய இடத்திலேயே இருந்தது.

பிறகுதான் ஒன்றைத் தெரிந்துகொண்டோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் பொருள் அல்ல. காட்டுப்பறவைகளின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு செய்வதும் அதில் அடங்கும். காட்டுப்பறவை என்றால் காட்டில் இருப்பது மட்டுமன்று. நம் கொல்லையில் சுதந்திரமாகத் திரிவதும்தான்.

எங்கள் வகுப்பிலேயே மறுத்துப் பேசியவர்கள் உண்டு. படம் இல்லாவிட்டால் தையல்சிட்டு என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும், தெரியாததை எப்படி நேசிப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. படமே எடுக்காதீர்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. கூட்டையும் குஞ்சையும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணனை நினைத்துப் பார்க்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் 1912இல் பிறந்தார். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ பெற்றார். யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெயர் பெற்றவை. அப்படிப்பட்டவர் காகத்தையும் மைனாவையும் அணிலையும் பற்றி எழுதுவதைக் குறைவாக எண்ணவில்லை. காமிராவுக்கு முன்னால் கண் வேண்டும் என்பது அவரைப் படித்தபோது எங்களுக்குப் புரிந்தது.

அந்தக் கண்ணுக்கு நம் குடவாசலைச் சுற்றி வேலைக்குக் குறைவே இல்லை. ஊர்த் தலபுராணத்தில்கூடக் கருடன் வருகிறதே! உழவு நடக்கும்போது மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கும். வரப்பில் மடையான் மண் நிறத்தில் அசையாமல் நிற்கும். பறந்தால்தான் வெள்ளைச் சிறகு தெரியும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். வாய்க்கால் மேல் கம்பியில் மீன்கொத்தி தினமும் ஒரே இடத்தில் வந்து உட்காரும். இவற்றை வகுப்பறை ஜன்னலிலிருந்தோ திண்ணையிலிருந்தோ எடுக்கலாம். படம் சிறிதாக வரும், சற்று மங்கலாகவும் வரும்; வரட்டும். வசதி உள்ளவர்கள் கார்த்திகை, மார்கழியில் வடுவூர் ஏரிக்கோ உதயமார்த்தாண்டபுரத்துக்கோ போய் வரலாம். இரண்டும் நம் திருவாரூர் மாவட்டத்தில்தான் உள்ளன. இரண்டும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாயின. அங்கேயும் கரையில் நின்று பார்ப்பதுதான் முறை.

பூச்சிகளுக்கும் இதையே சொல்வோம். பட்டாம்பூச்சி அசையாமல் இருக்க அதைக் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. சிறு வயதில் தட்டானின் வாலில் நூல் கட்டி விட்டோமே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு, எதிரி வந்துவிட்டது என்று அதை ஓடிவரச் செய்வதும் அப்படித்தான்.

மலைப்பொழிவில் ஆண்டவர் வானத்துப் பறவைகளைக் கவனிக்கச் சொன்னதை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். கிணற்றடியில் நாங்கள் செய்தது கவனிப்பு ஆகாது.

எனவே ஆண்டு மலர்க் குழுவுக்கு எங்கள் வேண்டுகோள்: இனி புகைப்படப் போட்டிக்குக் கூடு, முட்டை, குஞ்சு ஆகியவற்றின் படங்களை ஏற்க வேண்டாம். பெற்றோர்களும் பிள்ளைகள் அப்படி ஒரு படத்தைக் காட்டினால், பாராட்டும் முன் எவ்வளவு அருகில் போனாய் என்று கேட்க வேண்டுகிறோம்.

ஆவணியில் அதே குரல் மீண்டும் கேட்டது. அதே சிட்டுதானா என்று அறியோம். பள்ளி வளாகத்தில் ஒரு செடியில் மறுபடியும் இலைகள் தைக்கப்பட்டிருந்தன. இருபது அடி தள்ளி நின்று பார்த்தோம். எந்தச் செடி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம்.